இரவல் கிட்டாரும் நூறு பவுண்டும்

[கறுப்புத் திரை. ஒற்றைக் கிட்டாரின் ஒலி மட்டும்.]

1965 ஏப்ரலில் லண்டனில் ஓர் ஆல்பம் வெளிவந்தது. மொத்தம் 15 உருப்படிகள். பாட்டும் கிட்டாரும் ஒரே ஆள், வயது 21. ரெக்கார்டிங் நடந்த நாட்களில் அவரிடம் சொந்தமாக ஒரு கிட்டார்கூடக் கிடையாது. இரவல் வாங்கித்தான் வாசித்தார்.

பெயர் பர்ட் யான்ஷ். ஜான்ஷ் என்றும் சொல்கிறார்கள்; எப்படிச் சொன்னாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆல்பத்தின் பெயரும் அதுவே.

[எடின்பரோவின் பழைய படங்கள்]

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்து எடின்பரோவில் வளர்ந்தவர். பள்ளியை விட்டதும் செடி வளர்க்கும் நர்சரியில் வேலை. அங்கிருந்து அவரை இழுத்துக்கொண்டு போனது ஹௌஃப் என்ற நாட்டுப்பாடல் கிளப். கிட்டார் பாடமும் அங்கேதான். அப்புறம், போகிற வண்டிகளில் லிஃப்ட் கேட்டு மொராக்கோ வரை ஒரு பயணம்.

அந்தக் காலத்து பிரிட்டனைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 1956 வாக்கில் ஸ்கிஃபிள் என்று ஓர் அலை வந்தது; வீட்டுச் சாமானையும் வாத்தியமாக்கி வாசிக்கிற எளிய இசை. அந்த அலையில் பையன்கள் கையில் எல்லாம் மலிவு விலைக் கிட்டார் ஏறியிருந்தது. அலை ஓய்ந்தபோது பலர் நாட்டுப்பாடல் பக்கம் ஒதுங்கினார்கள். அங்கேயோ கட்டுப்பாடு அதிகம். நாட்டுப்பாடகர் யூவன் மெக்கால் நடத்திய சிங்கர்ஸ் கிளப்பில், அவரவர் தங்கள் ஊர்ப் பாரம்பரியப் பாட்டைத்தான் பாட வேண்டும். ஸ்காட்லாந்துக்காரர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையைத் தொடக்கூடாது.

இந்த வேலியை மதிக்காதவர் கிட்டார் கலைஞர் டேவி கிரஹாம். ப்ளூஸ், ஜாஸ், அரபு இசை, எல்லாம் அவருக்கு ஒரே கிட்டார். 1962இல் வெளிவந்த அவருடைய 'ஆஞ்ஜி' என்ற சின்ன வாசிப்பு, கிட்டார் கற்கிற எல்லோருக்கும் பரீட்சை மாதிரி ஆகிவிட்டது. யான்ஷும் எழுதினார் அந்தப் பரீட்சையை. ஆல்பத்தின் கடைசி உருப்படி அதுதான்.

[கட்டைவிரல் நெருக்கமாக]

இங்கே கையைக் கவனியுங்கள். கட்டைவிரல் தடித்த தந்திகளில் ஏ, ஜி, எஃப், ஈ என்று படி இறங்குகிறது. ஏ-யை ஷட்ஜமாக வைத்தால் ஸ, நி, த, ப. அந்த இறக்கம் நிற்பதே இல்லை. மற்ற விரல்கள் அதற்கு மேலே தனியாக ஒரு மெட்டை அடிக்கின்றன. கண்ணை மூடிக் கேட்டால் இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்றுதான் தோன்றும். யான்ஷ் சும்மா நகல் எடுக்கவும் இல்லை. நடுவே நாட் ஆடர்லியின் 'வொர்க் சாங்' என்ற ஜாஸ் மெட்டை நுழைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல இறக்கத்துக்குத் திரும்பிவிடுகிறார். சில இடங்களில் தந்தியைப் பிய்த்துவிடுகிற மாதிரி இழுக்கிறார். அந்த முரட்டுத்தனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

[ரீல் டேப் ரெக்கார்டர் சுழல்கிறது]

இந்த ஆல்பம் பதிவானது ஸ்டூடியோவில் அல்ல, லண்டன் கேம்டனில் பில் லீடர் என்பவரின் வீட்டில், ஒரு ரீல் டேப் ரெக்கார்டரில். மறைத்துவைக்கப் பக்கவாத்தியம் எதுவும் இல்லை; விரல் தந்தியில் உரசுவதுகூடக் காதில் விழுகிறது. டிரான்ஸ்அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனம் அந்த டேப்பை 100 பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது. ராயல்டி கிடையாது.

குரலைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முணுமுணுப்பான குரல், சில பாட்டுகளில் வரிகளும் சுமார்தான். ஆனால் 'நீடில் ஆஃப் டெத்' வேறு ரகம். ஹெராயினால் இறந்துபோன நண்பருக்காக எழுதியது. அழுகை இல்லை, உபதேசமும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி பாடிவிட்டுப் போகிறார். பல வருடம் கழித்து, தன்னுடைய 'ஆம்புலன்ஸ் ப்ளூஸ்' பாட்டில் இந்த மெட்டு வந்து உட்கார்ந்துவிட்டதை கனடாப் பாடகர் நீல் யங்கே ஒப்புக்கொண்டார்.

மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. ஆல்பம் வந்த அதே வருடம் பாடகர் டோனோவன் இதிலிருந்து 'டூ யூ ஹியர் மீ நவ்' பாட்டை எடுத்துப் பாடினார். லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜும் யான்ஷின் பரம ரசிகர்.

சரி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடைசி உருப்படியிலிருந்தே தொடங்குங்கள். முதல் தடவை கட்டைவிரலை மட்டும் பின்தொடருங்கள். மெட்டை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்.