"சனிக்கிழமை" போட்டா பிளாக், "நாயே" போட்டா பாஸ்: சாட் ஃபில்டர் அப்பாவிகளையே பிடிக்கறது ஏன்?

[திரையில்: கேம் சாட் பெட்டி. "சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஸ்க்ரிம், யார் யார் வர்றீங்க?" என்று டைப் ஆகிறது. எண்டர். சிவப்பு எழுத்தில்: "உங்கள் மெசேஜ் விதிகளை மீறுகிறது."]

இந்த மெசேஜ்ல என்ன தப்பு? வீடியோவை ஒரு நொடி நிறுத்திட்டுக் கண்டுபிடிங்க பார்ப்போம்.

கிடைக்கலையா? "சனிக்கிழமை"யோட தொடக்கத்துல "சனி" இருக்கு. "பன்னிரண்டு"ல "பன்னி" இருக்கு. பிராக்டிஸுக்குக் கூப்பிட்ட பாவத்துக்கு ஒரே வரியில ரெண்டு கேஸ். இப்போ அதே சாட்ல இன்னொருத்தர் வர்றார்.

[திரையில்: "போடா நாயே". எண்டர். மெசேஜ் போய்விடுகிறது.]

இத்தனைக்கும் தடை லிஸ்ட்ல "நாய்" இருக்கு! இருந்தும் போயிடுச்சு. "என் நாய்க்குட்டிக்குப் பேர் சொல்லுங்க"ன்னு போட்டா மட்டும் மாட்டிக்கும். இது ஏன் இப்படி, டிஸ்கார்ட் மாதிரி சாட் ஆப்ல நீங்க நடத்தற சர்வர்ல, அதாவது உங்க குரூப்ல, இதை எப்படிச் சரி பண்றது, அதான் இன்னைக்கு. மாடரேட்டரா, அதாவது சாட்டைக் கண்காணிக்கறவரா இருக்கற நண்பருக்கு லிங்கை இப்பவே தட்டி விட்டுடுங்க. அவருக்குத்தான் இது ரொம்பத் தேவை.

வரலாறை ஒரே மூச்சுல முடிச்சிடறேன். இங்கிலாந்துல ஸ்கன்தார்ப்னு ஒரு ஊர். 1996-ல அந்த ஊர்க்காரங்களால ஏஓஎல்ங்கற இன்டர்நெட் சேவையில அக்கவுன்ட் திறக்க முடியல, ஏன்னா ஊர்ப்பேரோட ஆங்கில ஸ்பெல்லிங்குக்கு நடுவுல ஒரு கெட்ட வார்த்தை ஒளிஞ்சிருந்தது. அன்னைலருந்து இதுக்கு ஸ்கன்தார்ப் பிரச்சினைன்னே பேர். வரலாறு முடிஞ்சது.

ஆங்கிலத்துல இது ஒரு பிரச்சினைன்னா, தமிழ்ல இது ஒரு குடும்பமே.

[திரையில்: "நாய்" என்ற சொல் நான்கு துண்டுகளாகப் பிரிகிறது.]

நம்ம கண்ணுக்கு "நாய்"ங்கறது ரெண்டு எழுத்து, நா, ய். கம்ப்யூட்டருக்கு நாலு துண்டு. ந, கால், ய, புள்ளி. இதுல அந்த நாலாவது துண்டைப் பாருங்க, புள்ளி. இப்போ "நாயே"வைப் பிரிங்க. ந, கால், ய, ஏகாரக் குறி. புள்ளி எங்க போச்சு? ஏகாரம் வந்து அந்த இடத்துல உட்கார்ந்துடுச்சு. ஆக "நாயே"க்குள்ள "நாய்" கிடையாது. ஃபில்டர் பொய் சொல்லல, அது சொன்ன வேலையைத்தான் செஞ்சிருக்கு. "நாய்க்குட்டி"ல புள்ளி அப்படியே பத்திரமா இருக்கு, அதனால அது மாட்டிக்கிச்சு. யோசிச்சுப் பாருங்க, தமிழ்ல திட்டறவன் பேரைச் சும்மா சொல்ல மாட்டான், கூப்பிட்டுத் திட்டுவான். கூப்பிட்டா ஏகாரம் வரும். ஏகாரம் வந்தா புள்ளி போயிடும். திட்டற இலக்கணமே ஃபில்டருக்கு எதிரா இருக்கு!

சரி, புத்திசாலி மாடரேட்டர் ஒருத்தர் என்ன பண்றார், புள்ளியை எடுத்துட்டு "நாய"ன்னு லிஸ்ட்ல போடறார். இப்போ நாயே, நாயை, நாயோட எல்லாம் மாட்டும். கூடவே யார் மாட்டறாங்க தெரியுமா?

[திரையில், ஒவ்வொன்றாக: நாயகன். விநாயகர். ஜனநாயகம்.]

ஜனநாயகம் பிளாக்! எந்த சர்வர்ல இதைப் பார்த்தாலும் மாடரேட்டர் மேல சந்தேகம்தான் வரும். ஆனா சதி எதுவும் இல்லை, ஒரு புள்ளியை அழிச்சதோட விளைவு. இதே மாதிரி "மாடு" போட்டா "நடமாடும்" போயிடும்.

"வார்த்தை எல்லைன்னு ஒண்ணு இருக்கே, முழு வார்த்தையா இருந்தா மட்டும் பிடின்னு சொல்லிடலாமே"ன்னு சொந்தமா பாட், அதாவது சாட்டைத் தானாவே கவனிக்கற புரோகிராம் எழுதறவங்க கேட்பீங்க. இந்த வீடியோவுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான், அதனால கொஞ்சம் நிறுத்தி நிதானமா போவோம்.

பைத்தான்ங்கற புரோகிராமிங் மொழியோட சேர்ந்தே வர்ற ரெகுலர் எக்ஸ்ப்ரெஷன் மாட்யூலை, அதாவது ஒரு பேட்டர்ன் கொடுத்தா அதுக்குப் பொருந்தற எழுத்துகளைத் தேடித் தர்றதை எடுத்துக்கங்க. அதைப் பொறுத்தவரைக்கும் க, ச, ட எல்லாம் எழுத்து. ஆனா புள்ளி, கால், கொம்பு இதெல்லாம் எழுத்தே கிடையாது. "தமிழ்"ங்கற வார்த்தையைக் கொடுத்து, இதுல இருக்கற வார்த்தைகளைப் பிரிச்சுக் கொடுன்னு கேட்டா, "தம", "ழ"ன்னு ரெண்டு கொடுக்கும். தமிழையே ரெண்டா உடைச்சுக் கையில கொடுத்துடும். சரி, "நாய்"க்கு ரெண்டு பக்கமும் வார்த்தை எல்லைக் குறி போட்டு ஓட விடுங்க. வாக்கியத்துல "நாய்" தனியா வருது, பின்னாடி ஒரு ஸ்பேஸ். எல்லைங்கறது என்ன? ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எழுத்து இல்லாதது. இங்கே புள்ளியும் எழுத்து இல்லை, ஸ்பேஸும் எழுத்து இல்லை. அப்போ அங்கே எல்லையே இல்லை. பிடிக்காது! "நாய்க்குட்டி"ல? புள்ளி எழுத்து இல்லை, அடுத்து வர்ற "க" எழுத்து. அடேங்கப்பா, எல்லை கிடைச்சிடுச்சு. பிடி!

முழு வார்த்தையை மட்டும் பிடின்னு நாம எழுதின விதி, முழு வார்த்தையை விட்டுட்டு, ஒட்டி வர்றதை மட்டும் பிடிக்குது. குட்டி உள்ளே, நாய் வெளியே. ஜாவாஸ்க்ரிப்ட்ல இன்னும் சுலபம், அந்த எல்லைக் குறிக்கு ஆங்கில எழுத்து மட்டும்தான் தெரியும். அதனால தனித் தமிழ் வாக்கியத்துல அந்த விதி எதையுமே பிடிக்காது. லாக்ல ஒரு எர்ரர்கூட வராது. ஆறு மாசம் ஃபில்டர் ஓடுதுன்னே நினைச்சுட்டு இருப்பீங்க.

தீர்வு: பைத்தான்ல தனியா இன்ஸ்டால் பண்ற "ரெஜெக்ஸ்" மாட்யூலைப் பயன்படுத்துங்க, அது குறிகளையும் எழுத்தோட சேர்த்தே எண்ணும். இல்லைன்னா எல்லைக் குறியையே மறந்துட்டு, மெசேஜை ஸ்பேஸ்ல உடைச்சு, ஓரத்துல ஒட்டியிருக்கற கமா, ஆச்சரியக்குறியைச் சுரண்டிட்டு, மிச்சத்தை லிஸ்ட்டோட ஒப்பிடுங்க. பழைய வழிதான், ஆனா ஏமாத்தாது.

ஒப்பிடறதுக்கு முன்னாடி ஒரு சுத்தம் பண்ற வேலை இருக்கு. "கொ"ங்கற எழுத்தைக் க-வோட ஒரே ஒகரக் குறியாவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால்னு ரெண்டு குறியாவும் சேமிக்கலாம். திரையில ரெண்டும் ஒரே மாதிரி, ஒப்பிட்டா வேற வேற. யூனிகோட் நார்மலைசேஷன் பண்ணினா ரெண்டும் ஒண்ணாயிடும், பைத்தான்ல அதுக்கு ஒரே வரி போதும். ஆனா "கௌ"வை "கெ" பக்கத்துல "ள" போட்டு டைப் பண்றவங்களை அது காப்பாத்தாது. அதை நீங்களா மாத்தணும், அதுவும் ள-வுக்கு அப்புறம் குறியோ புள்ளியோ இல்லாதப்ப மட்டும். கண்ணை மூடிட்டு மாத்தினீங்கன்னா கெளுத்தி மீன் கதி அதோகதி.

[திரையில் பெரிதாக: ௭ருமை]

இதைப் பார்த்தா எருமை மாதிரிதானே இருக்கு? முதல்ல இருக்கறது எ இல்லை, தமிழ் எண் 7. ௧-ன்னா 1, க மாதிரியே இருக்கும். ௨-ன்னா 2, உ மாதிரி. ௮-ன்னா 8, அ மாதிரி. தமிழ் எண்ணெல்லாம் யாருக்குங்க ஞாபகம் இருக்குன்னு கேட்காதீங்க, ஃபில்டரை ஏமாத்தணும்னா ஆளுங்க கல்வெட்டுகூடப் படிப்பாங்க. பக்கத்துல தமிழ் எழுத்து ஒட்டியிருந்தா எண்ணை எழுத்தா மாத்திடுங்க. கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகல எழுத்துகளையும் தூக்கிடுங்க. ஆனா இது எல்லாமே ஒப்பிடறதுக்கு எடுக்கற காப்பியில மட்டும்! அசல் மெசேஜ்ல கை வெச்சீங்கன்னா, குடும்ப இமோஜி உடைஞ்சு அப்பா, அம்மா, குழந்தைன்னு தனித்தனியா நிற்பாங்க. ஒட்டி வெச்சிருந்ததே அந்தக் கண்ணுக்குத் தெரியாத எழுத்துதான்.

தங்கிலீஷ், அதாவது ஆங்கில எழுத்துல தமிழ்? ஒரே வரிதான்: எழுத்து எண்ணிக்கையைத் தளர்வா விட்டு ஒரு பேட்டர்ன் எழுதுங்க, ரெண்டு பக்கமும் எல்லை போடுங்க, இல்லைன்னா "nai"க்குப் போட்ட பேட்டர்ன்ல "nail" (நெயில்), "snail" (ஸ்னெயில்)னு ஆங்கிலத்துல எழுதறவங்க எல்லாம் மாட்டுவாங்க.

பாட் எழுதத் தெரியாது, டிஸ்கார்ட்லயே இருக்கற ஆட்டோமாட்ங்கற ரெடிமேட் ஃபில்டர் போதும்ங்கறவங்க இங்கே கவனிங்க. ஒரு சர்வருக்கு ஆறு கீவேர்டு விதி வெச்சுக்கலாம், ஒவ்வொண்ணுலயும் 1000 சொல். ரெகுலர் எக்ஸ்ப்ரெஷன்னா ஒரு விதிக்கு 10, ஒவ்வொண்ணும் 260 எழுத்துக்குள்ள. அது ரஸ்ட்ங்கற புரோகிராமிங் மொழியோட வகை, அதனால தமிழ்ல வார்த்தை எல்லை ஒழுங்காவே வேலை செய்யும். ஆனா முன்னாடி பின்னாடி எட்டிப் பார்க்கற லுக்அரவுண்ட் அதுல கிடையாது, வேற இடத்துல இருந்து காப்பி பண்ணின பேட்டர்ன் நிராகரிக்கப்பட்டா காரணம் பெரும்பாலும் அதுதான்.

கீவேர்டுல நட்சத்திரக் குறிதான் வில்லன். சொல்லைச் சும்மா போட்டா முழுச் சொல் மட்டும். கடைசியில நட்சத்திரம் போட்டா அந்தச் சொல்லுல தொடங்கறது எல்லாம். ரெண்டு பக்கமும் போட்டா எங்கே இருந்தாலும் பிடிக்கும், அதாவது ஜனநாயகம் காலி. என் கருத்து, தமிழ்ச் சொல்லுக்கு ரெண்டு பக்க நட்சத்திரம் போடவே போடாதீங்க. "நாயே", "சனியனே"ன்னு விளி வடிவத்தைத் தனித்தனியா எழுதுங்க. கை வலிக்கும், பரவாயில்லை. தப்பா மாட்டற சொல்லை அனுமதி லிஸ்ட்ல போடுங்க. ஒரு விதிக்கு 100 சொல் வரைக்கும் இடம் இருக்கு, அதுல முதல் இடம் சனிக்கிழமைக்கு.

செட் பண்ணியாச்சு, டெஸ்ட் பண்ணணும். இங்கேதான் நிறையப் பேர் சறுக்கறாங்க. சர்வரை நிர்வகிக்கற அனுமதி இருக்கறவங்களை ஆட்டோமாட் தொடவே தொடாது. ஓனரே உட்கார்ந்து கெட்ட வார்த்தையா டைப் பண்ணிப் பார்த்துட்டு, "வேலையே செய்யலையே"ன்னு விதியை இறுக்கிக்கிட்டே போவார். மறுநாள் காலையில மொத்த சர்வரும் பிளாக்ல நிற்கும். எந்த ரோலும் இல்லாத இன்னொரு அக்கவுன்ட்ல இருந்துதான் டெஸ்ட் பண்ணணும்.

இவ்வளவு பண்ணியும் ஒரு வாக்கியத்தை உங்களால ஒண்ணும் பண்ண முடியாது.

[திரையில்: "என் நாயே என்னை மதிக்க மாட்டேங்குது"]

அதே நாயே. அதே நாலு துண்டு. ஆனா இவர் யாரையும் திட்டல, பாவம், சோகத்துல இருக்கார். இதை எந்த லிஸ்ட்டாலயும் பிரிக்க முடியாது. அதனாலதான் சொல்றேன், பிளாக்கையும் அலர்ட்டையும் பிரிச்சு வைங்க. எந்தச் சூழ்நிலையிலயும் மன்னிக்க முடியாத சாதி வசவு, பாலியல் மிரட்டல் மாதிரி சொற்களுக்கு மட்டும் பிளாக். நாய், பன்னி, எருமை வகையறாவுக்கு அலர்ட் போதும். மெசேஜ் போகட்டும், மாடரேட்டர் சேனலுக்குத் தகவல் வரட்டும், ஒரு மனுஷர் பார்த்து முடிவெடுக்கட்டும். டைம்அவுட்டை, அதாவது கொஞ்ச நாள் பேச விடாம வைக்கறதை, ஆட்டோமேட்டிக்கா 28 நாள் வரைக்கும் வைக்கலாம்தான், ஆனா மேல சொன்ன சோக மனுஷருக்கு 28 நாள் கொடுத்தா நாயோட சேர்த்து நீங்களும் மதிக்கலைன்னு ஆயிடும்.

பிளாக் ஆனவருக்குக் காட்டற மெசேஜை நீங்களே எழுதலாம், 150 எழுத்து. "விதியை மீறினீர்கள்"னு மொட்டையா விடறதுதான் ஆன்லைன்ல எனக்குப் பிடிக்காத முதல் விஷயம். எந்த விதி, தப்பா பிடிச்சிருந்தா எந்த சேனல்ல சொல்லணும், இது ரெண்டும் இருக்கணும். சுருக்கமா எழுதுங்க, ஏன்னா குறியும் புள்ளியும்கூடக் கணக்குல சேரும். "சனிக்கிழமை" கண்ணுக்கு ஆறு எழுத்து, கணக்குக்குப் பத்து.

கூட்டமா வந்து சர்வரை நாறடிக்கறவங்களுக்கு இந்த லிஸ்ட் எதுவும் உதவாது. அவங்க புது அக்கவுன்ட்ல வருவாங்க, அவசரத்துல வருவாங்க. சரிபார்ப்பு அளவை "ஹை"ல வெச்சா சர்வருக்குள்ள வந்து பத்து நிமிஷம் ஆகாம பேச முடியாது. கூடவே ஸ்லோ மோட் பத்து செகண்ட், அதாவது ஒரு மெசேஜ் போட்டா அடுத்ததுக்குப் பத்து செகண்ட் காத்திருக்கணும். அவசரக்காரனுக்குப் பத்து நிமிஷம் ஒரு யுகம், பாதிப் பேர் கிளம்பிடுவான்.

உங்க சர்வர்ல, கேம்ல அநியாயமா மாட்டின தமிழ்ச் சொல் எதுன்னு கமென்ட்ல போடுங்க, அதிக லைக் வாங்கறதை அடுத்த வீடியோவுல துண்டு துண்டா பிரிச்சுக் காட்டறேன். போட்ட கமென்ட் திரையில வரலைன்னா பயப்படாதீங்க. எங்க கமென்ட் ஃபில்டரும் அதைப் பிடிச்சு ரிவ்யூவுக்கு வெச்சிருக்கும், எடுத்து விட்டுடறோம்.