பொத்தானை அழுத்துவதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம்.

கிரிப்டோ என்ற டிஜிட்டல் நாணயம் வைத்திருப்பவர்கள் இரண்டு விதமாகப் பேசுவதைக் கேட்கிறேன். "பிரவுசரிலேயே வாலட் இருக்கிறது, நன்றாகத்தான் வேலை செய்கிறது, தனியாகக் காசு கொடுத்து ஹார்டுவேர் வாலட் என்று ஒரு கருவி எதற்கு?" என்று கேட்பவர்கள் ஒரு பக்கம். "ஹார்டுவேர் வாலட் வாங்கிவிட்டேன், இனி ஒரு கவலையும் இல்லை" என்பவர்கள் இன்னொரு பக்கம். முதலாமவருக்குப் பதில் சொல்வது எளிது. இரண்டாமவரை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. இன்றைய பேச்சில் பெரும்பகுதி அவருக்காகத்தான்.

வாலட் என்ற பெயரே முதலில் நம்மைக் குழப்பிவிடுகிறது. பர்ஸுக்குள் பணம் இருப்பது போல வாலட்டுக்குள் நாணயங்கள் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் எந்த முகவரியில் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு முழுவதும் பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் இருக்கிறது. நம்மிடம் இருப்பது ஒரே ஒரு ரகசிய எண். அதைத்தான் பிரைவேட் கீ என்கிறோம், தனிச்சாவி என்றும் சொல்லலாம். "என் முகவரியிலிருந்து இவ்வளவை இந்த முகவரிக்கு அனுப்பு" என்ற கட்டளையில் அந்தச் சாவியைக் கொண்டு டிஜிட்டல் கையொப்பம் போடுகிறோம். கையொப்பம் சரியாக இருந்தால் கட்டளை நிறைவேறிவிடும். போட்டது உரிமையாளரா திருடனா என்று யாரும் கேட்கமாட்டார்கள். தப்பு நடந்துவிட்டது, திருப்பிக் கொடுங்கள் என்று முறையிட அங்கே ஓர் அலுவலகமும் கிடையாது.

மெட்டாமாஸ்க் போன்ற பிரவுசர் வாலட்டில் அந்தச் சாவி உங்கள் கணினியிலேயே, கடவுச்சொல்லால் பூட்டப்பட்டு இருக்கிறது. 2016இல் மெட்டாமாஸ்க் வந்த பிறகுதான் எத்தீரியம் என்ற பிளாக்செயினில் இயங்கும் செயலிகளைச் சாதாரண மக்கள் தொட்டுப் பார்க்கவே முடிந்தது. அந்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே கணினியில்தான் மின்னஞ்சல் இணைப்புகளைத் திறக்கிறோம், எங்கிருந்தோ மென்பொருள்களை இறக்குகிறோம், பத்து எக்ஸ்டென்ஷன்களைப் போட்டு வைத்திருக்கிறோம். ஒரு மால்வேர் உள்ளே புகுந்து, பூட்டிய கோப்பை நகலெடுத்து, நீங்கள் தட்டும் கடவுச்சொல்லையும் கவனித்துவிட்டால் போதும். சாவி போய்விடும்.

ஹார்டுவேர் வாலட் இந்த ஒரு பிரச்சினைக்கான பதில். செக் நாட்டின் பிராகிலிருந்து டிரெசர் என்ற கருவி 2014இல் வெளிவந்தது. பிரான்சின் லெட்ஜர் நிறுவனமும் அதே ஆண்டில் தொடங்கியதுதான். கைக்குள் அடங்கும் கருவி. சாவி அதற்குள்ளேயே பிறக்கிறது, உள்ளேயே இருக்கிறது. கையொப்பம் போட வேண்டிய கட்டளை கேபிள் வழியாக உள்ளே போகும், போட்ட கையொப்பம் மட்டும் வெளியே வரும். கணினி முழுக்க வைரஸ் இருந்தாலும் சாவியை அது பார்க்க முடியாது.

சரி, இதைப் பிரவுசர் வாலட்டோடு இணைத்தால் என்ன நடக்கிறது? பிரவுசர் வாலட் எழுத்தர், கருவி அதிகாரி. எழுத்தர் கடிதத்தைத் தயாரித்து மேசைமேல் வைக்கிறார். அதிகாரி படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். எழுத்தருக்கு உங்கள் முகவரி தெரியும், இருப்பு எவ்வளவு என்று தெரியும். கையெழுத்துப் போடும் அதிகாரம் மட்டும் அவரிடம் இல்லை.

இணைக்கும் வேலை கடினமில்லை. கருவியைச் செருகி, பின் நம்பர் போட்டு, கருவிக்குள் எத்தீரியம் செயலி தனியாக இருந்தால் அதைத் திறந்து, பிரவுசர் வாலட்டில் 'ஹார்டுவேர் வாலட்டை இணை' என்ற வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இணையவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் சின்னதாகத்தான் இருக்கும். கருவியின் சொந்த மென்பொருள் பின்னால் திறந்திருந்து கருவியைப் பிடித்துக்கொண்டிருக்கலாம், அதை மூடுங்கள். சில பிரவுசர்கள் இணையப் பக்கங்களை யுஎஸ்பி கருவியோடு நேரடியாகப் பேச விடுவதில்லை, அப்போது குரோம் வகைப் பிரவுசரில் முயன்று பாருங்கள். இணைந்த பிறகு இருப்பு பூஜ்யம் என்று காட்டினால் பதற வேண்டாம். ஒரே மூலச் சொற்றொடரிலிருந்து, அதாவது கருவி முதலில் தரும் ரகசியச் சொற்களிலிருந்து, முகவரிகளை உருவாக்க வெவ்வேறு பாதைகள் உண்டு. பழைய வாலட் ஒரு பாதையைப் பின்பற்றியிருக்கும், இது வேறொன்றைப் பின்பற்றும். பட்டியலில் பாதையை மாற்றினால் பழைய முகவரி தெரியும்.

இந்த இணைக்கும் நேரத்தில்தான் ஒரு பெரிய தவறு நடக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர், படித்தவர், நிதானமானவர், புதுக் கருவி வாங்கினார். கருவி காட்டிய 24 சொற்களைத் தாளில் எழுதினார். பிரவுசர் வாலட்டைத் திறந்ததும் "சொற்களை உள்ளிடவும்" என்று ஒரு பெட்டி வந்தது. அவர் உட்கார்ந்து 24 சொற்களையும் தட்டிவிட்டார். அதே முகவரி வந்தது, அதே இருப்பு வந்தது. இணைந்துவிட்டதாகவே நினைத்தார். கருவியைச் செருகாமலே பணம் அனுப்ப முடிவதைப் பார்த்த பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

அவர் இணைக்கவில்லை, நகலெடுத்திருக்கிறார். அந்தச் சொற்கள்தான் எல்லாச் சாவிகளுக்கும் தாய். 2048 சொற்கள் கொண்ட ஒரு பொதுப் பட்டியலிலிருந்து 12 அல்லது 24 சொற்களைக் கருவி எடுத்துத் தருகிறது. அவற்றைத் தெரிந்தவர் எந்தக் கருவியும் இல்லாமல் உங்கள் எல்லா முகவரிகளையும் திறக்கலாம். அந்தச் சொற்களைக் கீபோர்டில் தட்டிய நொடியிலேயே, கொடுத்த காசுக்கு வாங்கிய பாதுகாப்பு போய்விட்டது. கணினியில் தட்டக்கூடாது, போனில் படம் எடுக்கக்கூடாது, மின்னஞ்சலில் சேமிக்கக்கூடாது. ஏற்கெனவே தட்டியிருந்தால், கருவியில் பதிந்திருப்பதை அழித்துப் புதிய சொற்களை உருவாக்கி, பணத்தைப் புதிய முகவரிக்கு மாற்றுங்கள். பழையதைத் திருத்த வழியில்லை. நண்பர் அன்றைக்கே அப்படிச் செய்தார், எதுவும் இழக்கவில்லை.

இப்போது அந்த இரண்டாமவரிடம் வருகிறேன். சொற்கள் பத்திரம், கருவி பத்திரம், இனி என்ன கவலை என்கிறாரே, அவரிடம்.

2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் என்ற கிரிப்டோ சந்தையிலிருந்து எத்தீரியத்தின் நாணயமான ஈதர் 4 லட்சத்துக்கும் மேல் திருடப்பட்டது. சுமார் 150 கோடி டாலர். வட கொரியாவின் வேலை இது என்று அமெரிக்காவின் எஃப்பிஐ அறிவித்தது. அந்தப் பணம் இருந்தது பல பேர் கையொப்பமிட்டால்தான் திறக்கும் வாலட்டில். கையொப்பமிட்டவர்கள் ஹார்டுவேர் வாலட்டைத்தான் பயன்படுத்தினார்கள். எந்தச் சாவியும் திருடப்படவில்லை. அவர்கள் பயன்படுத்திய சேஃப் என்ற வாலட்டின் இணையப் பக்கத்தில் திருடர்கள் நிரலை மாற்றியிருந்தார்கள். கணினித் திரை வழக்கமான ஒரு பரிமாற்றத்தைக் காட்டியது. கருவிக்குப் போனதோ வாலட்டின் கட்டுப்பாட்டையே கைமாற்றும் கட்டளை. கணினித் திரையை நம்பிக் கருவியில் பொத்தானை அழுத்தினார்கள். எழுத்தர் வாயால் சொன்னது ஒன்று, தாளில் எழுதியிருந்தது வேறு. அதிகாரி தாளைப் படிக்கவில்லை.

லெட்ஜருக்கும் இப்படி ஒரு நாள் வந்தது. 2023 டிசம்பர் 14. முன்னாள் ஊழியர் ஒருவரின் கணக்கை ஃபிஷிங் என்ற போலிச் செய்தி மோசடி மூலம் பிடித்து, பல செயலிகள் பயன்படுத்தும் லெட்ஜரின் இணைப்பு நிரலில் திருட்டு நிரலைச் சேர்த்துவிட்டார்கள். அன்று நம்பகமான இணையத்தளங்களுக்குப் போனவர்கள்கூட ஏமாந்தார்கள். சில மணி நேரத்தில் சரிசெய்தார்கள், அதற்குள் சுமார் 6 லட்சம் டாலர் போய்விட்டது. அன்றும் கருவிகளிலிருந்து சாவி கசியவில்லை. மக்களே ஒப்புதல் கொடுத்தார்கள்.

ஆகவே கருவியின் அந்தக் குட்டித் திரைதான் இந்த ஏற்பாட்டின் உயிர். கணினி காட்டுவதை யாரும் மாற்றலாம், கருவியின் திரையை மாற்றுவது மிகக் கடினம். ஆனால் அந்தத் திரையில் புரியும்படி எழுத்து வந்தால்தானே படிக்க முடியும்? ஒருவருக்கு ஈதர் அனுப்பினால் தொகையும் முகவரியும் தெளிவாக வரும். ஸ்மார்ட் காண்ட்ராக்ட் என்ற, பிளாக்செயினில் தானாக இயங்கும் நிரலோடு பேசும்போது பல நேரம் நீளமான, பொருளற்ற எழுத்து வரிசைதான் வரும். அதைப் படிக்காமல் ஒப்புக்கொள்வதைத்தான் பிளைண்ட் சைனிங் என்கிறார்கள், கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவது. லெட்ஜரின் எத்தீரியம் செயலியில் இதற்கென்று ஓர் அமைப்பு உண்டு. நீங்களாக இயக்கினால்தான் வேலை செய்யும். தேவைப்படும்போது இயக்கி, வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள். என்னைக் கேட்டால், பெரிய தொகை இருக்கும் முகவரியில் அதை ஒருபோதும் இயக்கக்கூடாது.

டோக்கன் ஒப்புதல் பற்றியும் சொல்லியாக வேண்டும். எத்தீரியத்தின் மேல் மற்றவர்கள் உருவாக்கும் நாணயங்களைத்தான் டோக்கன் என்கிறோம். பரிமாற்றச் செயலி ஒன்று உங்கள் டோக்கனை எடுக்க முதலில் உங்கள் அனுமதி வேண்டும். பல செயலிகள் வரம்பே இல்லாத அனுமதியைக் கேட்கும். இன்று 100 டோக்கன் மாற்றப் போகிறீர்கள், ஆனால் கையிருப்பு முழுவதையும் என்றைக்கு வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறீர்கள். அதற்குப் பிறகு அந்த டோக்கன்களை எடுக்க உங்கள் கருவி தேவையில்லை, அலமாரியில் பூட்டி வைத்திருந்தாலும் எடுப்பார்கள். வாலட்டில் 'துண்டி' என்பதை அழுத்தினால் அனுமதி போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. அந்தத் தளத்துக்கு உங்கள் முகவரி தெரிவது மட்டும்தான் நிற்கும். அனுமதியை ரத்து செய்யத் தனியாக ஒரு பரிவர்த்தனை செய்து, கட்டணமும் கட்ட வேண்டும். கட்டணமே கேட்காமல் ஒரு செய்தியில் மட்டும் கையொப்பம் கேட்டால் ஆபத்தில்லை என்ற எண்ணமும் தவறு. சில டோக்கன்களில் அப்படிப்பட்ட கையொப்பமே முழு அனுமதியாகிவிடும்.

அதனால் ஒரே கருவியில் இரண்டு கணக்குகள் வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். ஒன்று சேமிப்பு, அதை எந்தத் தளத்தோடும் இணைக்காதீர்கள், வாங்கவும் அனுப்பவும் மட்டும். இன்னொன்று புழக்கத்துக்கு, அதில் இழந்தாலும் தாங்கக்கூடிய தொகை மட்டும்.

முகவரியைச் சரிபார்க்கும்போது முதல் நான்கு எழுத்துகளும் கடைசி நான்கும் போதும் என்று நினைக்காதீர்கள். நீங்கள் அடிக்கடி அனுப்பும் முகவரியைப் போலவே தொடங்கி அதே போல முடியும் முகவரிகளை உருவாக்கி, உங்கள் பரிவர்த்தனைப் பட்டியலில் தெரியும்படி பூஜ்யத் தொகை அனுப்பி வைக்கும் திருடர்கள் இருக்கிறார்கள். பட்டியலிலிருந்து நகலெடுத்தால் அவர்களுக்கே அனுப்புவீர்கள். நடுவிலும் படியுங்கள், கருவியின் திரையில் படியுங்கள். உங்களுக்குப் பணம் வர வேண்டிய முகவரியைக்கூடக் கருவியில் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

கருவியைத் தயாரிப்பாளரிடமிருந்தே வாங்குங்கள். சொற்கள் ஏற்கெனவே எழுதப்பட்ட அட்டையோடு வந்தால் அது பொறி. லெட்ஜர் வாடிக்கையாளர் பட்டியல் 2020இல் கசிந்து, சுமார் 2,72,000 பேரின் பெயரும் வீட்டு முகவரியும் வெளியே போயின. அடுத்த ஆண்டு அவர்களில் சிலருக்கு, பழைய கருவி பாதுகாப்பில்லை, இதோ மாற்றுக் கருவி என்று போலிக் கருவிகள் தபாலில் வந்தன. எந்தத் தயாரிப்பாளரும் உங்கள் சொற்களைக் கேட்க மாட்டார்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். புதுக் கருவியில் முதலில் சிறு தொகை மட்டும் அனுப்புங்கள். அப்புறம் கருவியில் பதிந்திருப்பதை வேண்டுமென்றே அழித்துவிடுங்கள். லெட்ஜரில் பின் நம்பரை மூன்று முறை தவறாகப் போட்டாலே அழிந்துவிடும். பிறகு தாளில் எழுதிய சொற்களைக் கருவியிலேயே உள்ளிட்டு மீட்டெடுங்கள். பிரவுசர் வாலட்டில் மீண்டும் இணைத்துப் பாருங்கள். அதே முகவரியும் அதே சிறு தொகையும் தெரிந்தால், மீதியை அனுப்பலாம்.

நன்றி, வணக்கம்.