ஹிபாச்சி மேசை: வித்தைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

[காட்சி: கறுத்து மினுங்கும் இரும்புத் தகடு. அதைச் சுற்றி எட்டு நாற்காலிகள்.]

அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊர். சனிக்கிழமை சாயங்காலம். மேசையோடு சேர்ந்த இரும்புத் தகட்டில் கண்முன்னேயே சமைத்துக் கொடுக்கும் ஜப்பானிய ஹிபாச்சி உணவகத்துக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் மூன்று பேர், மேசையில் எட்டு நாற்காலி. மீதி ஐந்தில் முன்பின் தெரியாதவர்களை உட்கார வைத்துவிடுவார்கள். பெரும்பாலும் அது ஒரு பிறந்தநாள் கோஷ்டியாக இருக்கும். மேசை நிரம்பும்வரை சமையல்காரர் தலையைக் காட்டமாட்டார்.

பலருக்கு இது எரிச்சலாக இருக்கும். ஆனால் இந்தக் கடை ஓடுவதே அந்த எட்டு நாற்காலிகளால்தான். எப்படி என்று பார்ப்போம்.

[காட்சி: நியூயார்க், மேற்கு 56ஆம் தெருவின் பழைய கறுப்பு வெள்ளைப் படம்.]

1945இல் ஜப்பானின் கோபே நகரில் மிசோனோ என்ற கடை, இரும்புத் தகட்டில் மாட்டிறைச்சியைச் சாப்பிடுகிறவர் கண்முன்னேயே வாட்டிக் கொடுக்க ஆரம்பித்தது. அங்கே இதைத் தெப்பன்யாகி என்பார்கள். அமெரிக்காவில்தான் ஹிபாச்சி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

அமெரிக்காவில் அதை வைத்துக் கொடிகட்டிப் பறந்தவர் ஹிரோஆகி அவோகி. ராக்கி என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். மல்யுத்த வீரர். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஐஸ்கிரீம் வண்டி ஓட்டிக் காசு சேர்த்து, 1964இல் அதே ஊரின் மேற்கு 56ஆம் தெருவில் பெனிஹானா என்று நான்கே மேசையோடு ஒரு கடை போட்டார். முதல் சில மாதம் கடை ஈயாடியது. அப்புறம் கிளெமென்டைன் பேடில்ஃபோர்ட் என்ற பத்திரிகையாளர் பாராட்டி எழுதினார். கூட்டம் தானாக வந்தது.

ராக்கி செய்த காரியத்தை 1972இல் ஹார்வர்ட் வணிகப் பள்ளி பாடமாகவே எழுதி வைத்தது. சாரம் இதுதான்: சமையலறையைத் தூக்கிச் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்துவிட்டார். வழக்கமான உணவகத்தில் கிட்டத்தட்ட 30 சதவீத இடம் வாடிக்கையாளர் கண்ணில் படாத பின்கட்டுக்குப் போய்விடும். பெனிஹானாவில் அது 22 சதவீதம்தான். நியூயார்க்கின் மையமான மன்ஹாட்டன் வாடகையில் அந்த வித்தியாசம் எவ்வளவு பெரிய பணம்!

மெனுவும் சுருக்கம். ஸ்டேக், கோழி, இறால். அவ்வளவுதான். நாலு சரக்கு வாங்கினால் போதும், வீணாவதும் குறைவு. அந்த எட்டு நாற்காலி விஷயமும் இங்கேதான் வருகிறது. ஒரு சமையல்காரர் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்குச் சமைக்கிறார். மூன்று பேருக்கு என்றாலும் அவருக்குக் கிட்டத்தட்ட அதே நேரம்தான் ஆகும். அதனால் மேசை நிரம்பும்வரை உங்களைப் பாரில் உட்கார வைக்கிறார்கள். அங்கே நீங்கள் வாங்கும் குடிபானத்தில் லாபம் அதிகம். காத்திருக்கும் நேரத்தையும் விற்றுவிட்டார் மனிதர்!

[காட்சி: தகட்டின் மேல் சமையல்காரரின் கைகள், மிக அருகில்.]

இப்போது தகட்டுக்கு வருவோம். பார்க்க ஒரு ராட்சத தோசைக்கல். அடியில் கேஸ் அடுப்பு. நடுவில் கொதிக்கும், ஓரம் போகப் போகச் சூடு குறையும். வெந்த இறாலை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு நடுவில் இறைச்சியைப் போடுவது அதனால்தான்.

முதலில் சோறு. ஏற்கெனவே வடித்து ஆறவைத்த சோறுதான், சூடாக இருந்தால் குழைந்து ஒட்டிக்கொள்ளும். முட்டையைக் கரண்டி நுனியில் சுழலவிட்டு, மேலே எறிந்து, கரண்டி விளிம்பிலேயே உடைப்பார். பூண்டு வெண்ணெய் ஒரு கட்டி விழும். அந்த வாசனையிலேயே பாதிப் பேர் விழுந்துவிடுவார்கள். சோறு முதலில் தட்டுக்கு வருவதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு: விலை குறைந்த பண்டத்தில் வயிறு பாதி நிரம்பட்டும் என்றுதானோ?

அப்புறம் வெங்காய எரிமலை. தடித்த வளையங்களைப் பெரிதிலிருந்து சிறிதாகக் கோபுரம்போல அடுக்கி, உள்ளே எண்ணெயும் கொஞ்சம் மதுவும் ஊற்றிப் பற்றவைப்பார். தீ ஒரு முழம் எழும்பும், முன்வரிசைக் குழந்தை அம்மா மடிக்குத் தாவும். தீ அடங்கியதும் உள்ளே தண்ணீர் விட்டால் ஆவி புஸ்ஸென்று கிளம்பும். கோபுரத்தைக் கரண்டியால் தள்ளிக்கொண்டே ரயில்போலக் கூவுவார். நகைச்சுவை எல்லா ஊரிலும் ஒன்றேதான். ஆனாலும் சிரிப்பு வருகிறது.

கடைசியாகத் தகட்டைச் சுரண்டித் துடைத்து, குனிந்து வணங்கிவிட்டுப் போய்விடுவார். ஆட்டம் முடிந்த பிறகு யாருக்கும் உட்கார்ந்திருக்கத் தோன்றாது. ‘கிளம்புங்கள்’ என்று யாரும் சொல்லாமலே சுமார் ஒரு மணி நேரத்தில் மேசை காலி.

[காட்சி: கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் சுஷி மேடை.]

சரி, அதே கடையில் சுஷி, அதாவது காடி கலந்த சோற்றோடு மீனோ காயோ சேர்த்த ஜப்பானியப் பண்டம், எதற்கு? மேசைக்குக் காத்திருக்கும்போது கொறிக்க ஒன்று வேண்டும், தீயும் புகையும் பிடிக்காதவர்கள் தனியாக உட்கார ஓர் இடமும் வேண்டும். இங்கே கிடைப்பதில் பாதி அமெரிக்கச் சுஷிதான். கலிஃபோர்னியா ரோலை எடுத்துக்கொள்ளுங்கள்: நண்டு, வெண்ணெய்ப்பழம், வெள்ளரி. கடற்பாசித் தாளை உள்ளே மறைத்து, சோறு வெளியே தெரியச் சுருட்டுவார்கள். கறுப்புத் தாளைப் பார்த்து முகம் சுளிப்பவர்களுக்காக வந்த ஏற்பாடு என்பார்கள். பக்கத்தில் இருக்கும் பச்சை உருண்டை பெரும்பாலும் உண்மையான வசாபி என்ற ஜப்பானியக் கார விழுது அல்ல. குதிரைமுள்ளங்கிப் பொடி, கடுகு, பச்சை நிறம். மூக்கில் ஏறும் காரம் மட்டும் நிஜம். சோற்று உருண்டைமேல் மீன் வைத்த நிகிரியைக் கையால் எடுக்கலாம், தப்பில்லை. சோயா சாஸில் மீன் பக்கத்தைத் தொடுங்கள். சோற்றைத் தொட்டால் உதிர்ந்துவிடும்.

[காட்சி: காளானும் சுரைக்காய் போன்ற சுக்கினியும் வதங்கும் தகடு.]

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. காய்கறி ஹிபாச்சி என்று மெனுவில் இருக்கும், ஆனால் அதே தகடு, அதே கரண்டி. உங்களுடையதை முதலில், சுத்தம் செய்த ஓரத்தில் சமைக்கச் சொல்லிக் கேட்கலாம். சோற்றில் முட்டை வேண்டாம் என்பதை உட்காரும்போதே சொல்லிவிடுங்கள், முட்டை காற்றில் பறக்க ஆரம்பித்த பிறகு சொல்லிப் பயனில்லை. முதலில் வரும் தெளிந்த சூப் பல கடைகளில் கோழி அல்லது மாட்டெலும்புச் சாறு. மிசோ என்ற புளித்த சோயா விழுதில் செய்யும் சூப்பிலும் பொதுவாக மீன் சாறு கலந்திருக்கும். வெள்ளரி ரோல், வெண்ணெய்ப்பழ ரோல் இரண்டையும் தயங்காமல் கேட்கலாம்.

கூட்டம் பிடிக்காதென்றால் வார நாள் மதியம் போங்கள். அதே தகடு, விலையும் பெரும்பாலும் குறைவு. எரிமலை அப்போதும் வெடிக்கும்.