இடைவேளை டப்பாவை வகுப்பே தீர்மானிக்கட்டும்

(சேலத்தில் ஒரு பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் அம்மா அப்பாக்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நன்றி.

இன்று காலை இடைவேளையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். பிள்ளைகளின் சாப்பாட்டை இந்த மாநிலம் பெரிதாகவே எடுத்துக்கொண்டது. 1956-இல் காமராசர் மதிய உணவைக் கொண்டுவந்தார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022-இல் காலை உணவும் வந்தது. நடுவில் இடைவேளை மணி அடித்ததும் பிள்ளை எதைக் கையில் எடுக்கிறது என்பதை மட்டும் விட்டுவிட்டோம். அந்த இடத்தில் ஐந்து ரூபாய் பாக்கெட் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பின்னால் உள்ள சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அதை முதலில் போட வேண்டும் என்பது விதி. முதல் மூன்று பெயர்கள் பெரும்பாலும் மைதா, சர்க்கரை, பாமாயில்தான். சேர்க்கும் சர்க்கரை பெரியவர்களுக்கே நாளுக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதை அம்மாக்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை. சுண்டல் கட்டிக்கொடுத்து, டப்பா அப்படியே திரும்பி வந்த வீடுகள் இங்கே நிறைய இருக்கும். பிள்ளைக்குச் சுண்டல் பிடிக்காமல் இல்லை. பக்கத்தில் பாக்கெட் பிரிகிற சத்தம் கேட்டதும், எவர்சில்வர் டப்பாவை மடியில் இறக்கி, மூடியை விரல் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து, ஒவ்வொரு கடலையாக எடுத்து வாயில் போடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எட்டு வயதில் அந்தக் கூச்சம் சின்ன விஷயமில்லை. ஒரு வீடு தனியாக இதைச் சரிசெய்ய முடியாது. வகுப்பு முழுக்க ஒரே பண்டம் என்று வைத்துவிட்டால் யாரும் எதையும் ஒளிக்க வேண்டாம். நான் கேட்பது இதைத்தான்: திங்கள் சுண்டல், செவ்வாய் பழம் என்று வகுப்பே உட்கார்ந்து பட்டியல் போடட்டும். பிள்ளைகளையும் கேட்டுப் போடுங்கள். கையில் காசில்லாத வீட்டுக்கும் கட்டுப்படியாகிற பண்டமாக இருக்கட்டும்.

நம் ஊரில் இதற்குப் பஞ்சமே இல்லை. ஏற்காட்டிலிருந்து கொய்யாவும் ஆரஞ்சும் பேரிக்காயும் சீசனுக்குச் சீசன் இறங்குகின்றன. ஜூனில் பள்ளி திறக்கும்போது மாம்பழமும் மிச்சமிருக்கும். கொய்யாவை மலிவுப் பழம் என்று ஒதுக்காதீர்கள். ஆரஞ்சைவிட நாலு மடங்கு வைட்டமின் சி அதில் இருக்கிறது. கொண்டைக்கடலைச் சுண்டலோடு இரண்டு துண்டு கொய்யா தின்றால், கடலையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சுண்டலில் எலுமிச்சை பிழிந்தாலும் அதே பலன்தான். ஜவ்வரிசிக்குப் போகிற மரவள்ளிக் கிழங்கையும் அவித்துக் கொடுக்கலாம். நன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட வேண்டும். கிழங்கு மட்டும் என்றால் வெறும் மாவுச்சத்து, அதனால் கூடவே ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை. தட்டுவடை செட்டை நான் குறை சொல்ல மாட்டேன். பீட்ரூட்டும் கேரட்டும் பச்சையாக உள்ளே போகிற பண்டம் அது. சாயங்காலம் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், பையில் வந்தால் நமத்துப் போகும்.

ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கிறதா என்று பட்டியல் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். இருந்தால் அந்த வகுப்பில் வேர்க்கடலையே வேண்டாம். எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு முழுக்கடலை கூடாது, தொண்டையில் சிக்கும். பொடித்து உருண்டை பிடித்துக் கொடுங்கள்.

அப்புறம் பிறந்தநாள். சாக்லேட்டுக்குப் பதில் வாழைப்பழமோ எள்ளுருண்டையோ போதும். கணக்கைச் சரியாகப் போட்ட பிள்ளைக்கு மிட்டாய் பரிசு தருவதையும் விட்டுவிடலாம். பென்சில் கொடுங்கள்.

கடைசியாக வாசல் கடை. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று 2020-இலேயே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு கடைக்கார அண்ணனிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவருக்கும் அதுதான் பிழைப்பு. பட்டியலை அவரிடம் காட்டுங்கள். அவித்த கடலையும் நறுக்கிய கொய்யாவும் மூடிபோட்டு வைத்தால் தினம் வாங்குகிறோம் என்று சொல்லுங்கள், சொன்னபடி வாங்குங்கள்.