வேலையை விட்டு நின்ற பிறகு லீவுச் சம்பளம்

நேயர்களுக்கு வணக்கம். நான் வக்கீல் அல்லன். கோவை, அவிநாசிப் பக்கத்துப் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தே தலை நரைத்தவன். பி.எஃப்., கிராஜுவிட்டி என்றால் எல்லாரும் விழித்துக்கொள்கிறார்கள். லீவுச் சம்பளம், அதாவது எடுக்காத விடுப்புக்கான பணம், என்றால் மட்டும், முதலாளி மனம் வைத்தால் கிடைக்கும் தீபாவளி இனாம் போல நினைக்கிறார்கள். இன்று பேசப்போவது அதைப் பற்றித்தான்.

2019 ஆகஸ்டில் ஒரு நூற்பாலையிலிருந்து நின்ற பெண் ஒருவர் என்னிடம் வந்தார். ஆறு வருட வேலை. ‘கணக்கு பைசல்’ என்று சொல்லி, ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து, தொகை எழுதாத வவுச்சரில் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். லீவுச் சம்பளம் எங்கே என்றாராம். “இந்த வருடம் இன்னும் 240 நாள் முடியவில்லை, உனக்கு லீவே கிடையாது” என்றது அலுவலகம். கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டார். அந்தத் தைரியம்தான் வழக்கில் பாதி.

240 நாள் என்பது பொய்யில்லை. அப்போது நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 79-ஆவது பிரிவில் அது இருந்தது: ஒரு காலண்டர் வருடத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு, இருபது நாளைக்கு ஒரு நாள் வீதம் அடுத்த வருடம் சம்பளத்துடன் விடுப்பு. ஆனால் அதே பிரிவு அடுத்த மூச்சில் இன்னொன்றும் சொன்னது. நின்றாலும் நிறுத்தப்பட்டாலும், அந்த நாள்கணக்கு முடியாவிட்டாலும், வேலை செய்த நாட்களுக்கு அதே வீதத்தில் லீவுச் சம்பளம் உண்டு. அதுவும் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள். ஓய்வு பெற்றாலோ இறந்துவிட்டாலோ இரண்டு மாதத்துக்குள். முதல் வரி மட்டும் எல்லா அலுவலகத்துக்கும் மனப்பாடம். இரண்டாவது வரியைப் பாராமுகமாக விட்டுவிடுவார்கள்.

கணக்குப் போட்டோம். அந்த வருடம் அவர் வேலை செய்தது 172 நாள். இருபதால் வகுத்தால் எட்டும் சொச்சமும்; அரை நாளோ அதற்கு மேலோ இருந்தால் முழு நாளாகக் கொள்ளவேண்டும், ஆக ஒன்பது. முந்தைய வருடங்களில் எடுக்காமல் சேர்ந்தது 22 நாள். மொத்தம் 31. நாள் சம்பளம் 480 ரூபாய். 14,880 ரூபாய்.

முந்தைய வருடங்களிலிருந்து சேர்த்துவைக்கும் விடுப்புக்கு முப்பது நாள் என்ற வரம்பு உண்டு; இவருடைய 22 அதற்குள்தான். ஆனால் விடுப்புக் கேட்டு மறுக்கப்பட்டிருந்தால், மறுக்கப்பட்ட அந்த நாட்களுக்கு வரம்பு கிடையாது. இதனால்தான், கிடைக்காது என்று தெரிந்தாலும் எழுதிக் கேளுங்கள் என்கிறேன். மேஸ்திரியிடம் வாயால் கேட்டது காற்றோடு போய்விடும். எடுக்காத விடுப்பை நோட்டீஸ் காலத்தில் கழித்துக்கொள்வதாகச் சொன்னால் ஏற்காதீர்கள். அதையும் இதே 79-ஆவது பிரிவு தடுத்தது. பீஸ் ரேட்டில் தைக்கும் திருப்பூர் டெய்லர்களுக்கும் விடுப்பு உண்டு. அவர்களுக்குச் சராசரி வருமானத்தை வைத்து நாள் சம்பளம் கணக்கிடவேண்டும்.

தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரணை. ஆலைத் தரப்பு விடுப்புப் பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்தது. பார்த்தால், இந்த அம்மணி 22 நாள் விடுப்பையும் சம்பளத்தோடு எடுத்துத் தீர்த்துவிட்டதாக வரிசையாகத் தேதிகள்! பதிவேடு அவர்கள் கையில், பேனாவும் அவர்கள் கையில். எனக்கு நாக்கு வறண்டுவிட்டது.

அவர் பையிலிருந்து ஒரு மாதக் காலண்டரை எடுத்தார். பால் கணக்கு, சீட்டுப் பணக் கணக்கு எல்லாம் எழுதும் சாதாரணக் காலண்டர்தான். ஒவ்வொரு கட்டத்திலும் பகல் ஷிப்டுக்கு ‘ப’, இரவு ஷிப்டுக்கு ‘இ’ என்று எழுதிவைத்திருந்தார். பதிவேட்டில் விடுப்பு என்றிருந்த ஒரு வாரம் முழுக்கக் காலண்டரில் ‘இ’. அது அவர் எழுதியதுதானே என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். நியாயமான கேள்வி. அதற்குள் அந்த மாதச் சம்பளச் சீட்டு மேசைக்கு வந்துவிட்டது. அதில் ஆலையே அச்சிட்டிருந்தது: 26 நாள் வருகை, அதன்மேல் ஓவர்டைம். விடுப்பில் இருந்தவர் ஓவர்டைம் பார்த்தது எப்படி என்று அதிகாரி கேட்டார். பதில் வரவில்லை.

இப்போது சட்டத்தின் பெயர் மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. விடுப்புக்கான தகுதி நாட்கள் 240-லிருந்து 180-ஆகக் குறைந்தன. நின்ற இரண்டு வேலை நாளுக்குள் பணம் என்பது தொடர்கிறது. சம்பள பாக்கிக்கு மனுப் போட முன்பு 12 மாதம்தான் அவகாசம், ஊதியச் சட்டத் தொகுப்பில் மூன்று ஆண்டு. கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளி மீது. இது நல்ல மாற்றம். ஆனாலும் சம்பளச் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். வவுச்சரில் கையெழுத்துப் போடுவதற்கு முன், எதற்கு எவ்வளவு வாங்கினீர்கள் என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். “வர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை” என்ற அச்சு வரியைப் படிக்காமல் போட்ட கையெழுத்துகளைப் பார்த்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்தப் பெண்ணுக்கு 14,880 ரூபாய்க்குக் காசோலை வந்தது. வாங்கிப் பார்த்துவிட்டு, “ஐயா, அந்தச் சீட்டில் இருக்கிற ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் தரவேண்டும் என்கிறார்களே, எனக்கு ஒற்றைதானே போட்டிருக்கிறார்கள்?” என்றார். அதற்குத் தனி மனு எழுத உட்கார்ந்தோம்.