பழைய சர்வரில் எதை எடுக்கலாம், எதை விடலாம்?

வணக்கம். கம்பெனிகள் கழித்துவிட்ட பழைய சர்வர் ஒன்றை மலிவாக வாங்கி வீட்டில் மீடியா சர்வராக, அதாவது சினிமாவையும் வீடியோக்களையும் சேமித்து டிவிக்கு அனுப்பும் மெஷினாக, வைத்துக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். வைத்துக்கொள்ளலாம், ஆனால் சர்வரை முழுசாக வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள், அதன் பாகங்களில் சிலவற்றை மட்டும் வாங்கி ஒரு பழைய டெஸ்க்டாப்பில் போடுங்கள் என்பதுதான் என் கட்சி.

சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் இரண்டு ஜியான் (இன்டெல்லின் சர்வர் சிப்) புராசஸர், அறுபத்து நாலு ஜிபி ரேம் என்று அடுக்கி ஒரு விலை சொல்வார்கள், கேட்டதும் கை பர்ஸுக்குப் போய்விடும். அங்கே கொஞ்சம் நில்லுங்கள். இரண்டு ஜியான் போட்ட பழைய சர்வர் யாருமே படம் பார்க்காதபோதும் நூறு வாட்டைச் சுற்றி இழுத்துக்கொண்டே இருக்கும். நாள் முழுக்க நூறு வாட் என்றால் 2.4 யூனிட், அறுபது நாளைக்கு 144 யூனிட். ஏற்கெனவே ஏசி ஓடுகிற வீடாக இருந்தால் அந்த 144 யூனிட்டும் மேல் ஸ்லாபில் போய் விழும், மலிவாக வாங்கிய மெஷின் கரண்ட் பில்லில் வசூல் பண்ணிவிடும். சத்தம் வேறு. அலமாரித் தட்டு மாதிரி அடுக்கும் ஒல்லி ரேக் சர்வர்களில் இருக்கும் 40 மில்லிமீட்டர் விசிறிகளை ஹாலில் ஓடவிட்டால் சீரியல் வசனம் காதில் விழாது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாலும் வீடியோ வேலைக்கு அந்த ஜியான் சரிப்படாது. ஃபோனில் எடுத்த 4கே வீடியோ பல சமயம் ஹெச்இவிசி என்ற, இடத்தை மிச்சப்படுத்தும் சுருக்க வடிவில் இருக்கும், பழைய டிவிக்கு அது புரியாது, அதனால் சர்வர் ஓடவிட்டபடியே வேறு வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். ஜியான் இ5 வகையில் கிராஃபிக்ஸ் பகுதியே கிடையாது, அத்தனை கோர்களையும் போட்டு உருட்டித்தான் மாற்றும். இன்டெல்லின் சாதாரண டெஸ்க்டாப் சிப்களில் 2011-லிருந்து குவிக் சிங்க் என்று இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. நிறங்களை இன்னும் நுணுக்கமாகப் பதிக்கும் பத்து பிட் ஹெச்இவிசியையும் அலட்டாமல் கையாள்வது 2017-இல் டெஸ்க்டாப்புக்கு வந்த ஏழாம் தலைமுறையிலிருந்து.

அதிர்ஷ்டம் என்னவென்றால், அந்த ஏழாம் தலைமுறை மெஷின்களில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. அதனால் அலுவலகங்கள் நல்ல ஐ5 டெஸ்க்டாப்களைக் கழிக்கின்றன, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் அவை ஜம்மென்று ஓடும். ஒரே ஒரு விஷயம், ஒல்லி கேபினட் வேண்டாம், டவர் கேபினட்டாகப் பாருங்கள். உள்ளே ஹார்ட் டிஸ்க் வைக்க இடமும் கூடுதல் கார்டு செருக ஒரு நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டும் வேண்டும்.

அந்த ஸ்லாட்டுக்குத்தான் சர்வர் பாகம் வருகிறது. எல்எஸ்ஐ 9211-8ஐ என்று ஒரு கார்டு, எட்டு டிஸ்க் வரை பிடிக்கும், வீட்டுக் கம்ப்யூட்டரில் வரும் சாட்டா டிஸ்க்கும் போடலாம், சர்வரில் வரும் எஸ்ஏஎஸ் டிஸ்க்கும் போடலாம். வாங்கும்போதே ஐடி மோட் ஃபர்ம்வேர் (கார்டுக்குள் இருக்கும் மென்பொருள்) ஏற்றியதா என்று கேட்டுவிடுங்கள், அப்போதுதான் ரெய்டு (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் முறை) என்று நடுவில் புகுந்து குழப்பாமல் டிஸ்க்குகளை அப்படியே லினக்ஸிடம் ஒப்படைக்கும். சாட்டா டிஸ்க் போடுவதாக இருந்தால் நாலு சாட்டாவாகப் பிரியும் கேபிளையும் சேர்த்து வாங்குங்கள். பார்க்கச் சின்னக் கார்டுதான், ஆனால் சர்வர் விசிறிகளின் காற்றை நம்பிச் செய்தது, டெஸ்க்டாப் கேபினட்டில் அந்தக் காற்று இருக்காது, அதன் ஹீட் சிங்க்கைத் தொட்டால் விரல் சுட்டுவிடும். மேலே ஒரு சின்ன விசிறியை டேக் போட்டுக் கட்டினால் போதும்.

டிஸ்க் விஷயத்தில் நிதானம் வேண்டும். பழைய எஸ்ஏஎஸ் டிஸ்க் சாட்டாவைவிட மலிவாகக் கிடைக்கும், ஆனால் பெரிய ஸ்டோரேஜ் பெட்டிகளிலிருந்து கழற்றியவை சில 520 பைட் செக்டரில் (டிஸ்க் தகவலைப் பிரித்து வைக்கும் துண்டு) இருக்கும், லினக்ஸ் அதைக் கண்டுகொள்ளும், ஆனால் பயன்படுத்த விடாது. எஸ்ஜி_ஃபார்மட் என்ற கருவியால் 512-க்கு மாற்றலாம், மணிக்கணக்கில் ஓடும், நடுவில் கரண்ட் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடையிலேயே டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் கருவியைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஓடிய மணிநேரம் 8,760 என்றால் ஒரு வருஷம், அப்படிக் கணக்குப் போடுங்கள். நாலைந்து வருஷம் ஓடியிருந்தாலும்கூட எனக்குப் பயமில்லை. எஸ்ஏஎஸ் டிஸ்க்கில் குரோன் டிஃபெக்ட் லிஸ்ட் (ஓட ஓடக் கெட்டுப்போன இடங்களின் எண்ணிக்கை) என்ற வரியைப் பார்ப்பேன், அதில் எண் சைபராக இல்லாவிட்டால் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். கடைக்காரர் “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்” என்பார், சொல்லட்டும்.

சர்வர் ரேமை வாங்கவே வாங்காதீர்கள். அதில் வருவது பெரும்பாலும் ரெஜிஸ்டர்ட் என்ற தனி வகை ரேம், டெஸ்க்டாப் போர்டில் வேலை செய்யாது.

மென்பொருளுக்குக் காசே வேண்டாம். டெபியன் (லினக்ஸில் ஒரு வகை) போட்டு அதன்மேல் ஜெல்லிஃபின் என்ற மீடியா சர்வர் மென்பொருள். எம்பி (Emby) என்ற மென்பொருள் தன் நிரலை வெளியே காட்டாமல் மூடிக்கொண்டபோது, 2018-இல் அதிலிருந்து பிரிந்து வந்தது இது. அமைப்புகளில் குவிக் சிங்க்கைத் தேர்ந்தெடுங்கள், ஜெல்லிஃபின் பயனரை, கிராஃபிக்ஸ் பகுதியைப் பயன்படுத்த அனுமதி உள்ள ரெண்டர் குழுவில் சேருங்கள். பலருக்குக் கடைசிப் படி விட்டுப்போகும், அப்புறம் வீடியோ ஓடவில்லையே என்று மெஷினைத் திட்டுவார்கள்.

டிஸ்க்குகளை ரெய்டில் போட்டாலும் கல்யாண வீடியோவும் குழந்தைகளின் படங்களும் வேறொரு டிஸ்க்கில் தனியாக ஒரு பிரதி இருக்கட்டும், அந்த டிஸ்க் மட்டும் புதிதாக வாங்கியதாக இருக்கட்டும். சினிமா போனால் மறுபடி தேடிக்கொள்ளலாம். நன்றி, வணக்கம்.