கர்ப்பகால சர்க்கரை டெஸ்ட்: குளுக்கோஸ் தண்ணி குடிச்ச பிறகு அந்த ரெண்டு மணி நேரம்

[திரை: கடலூர் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். மேஜையில குளுக்கோஸ் பாக்கெட், டம்ளர், கடிகாரம்.]

"எங்க வீட்டுல யாருக்கும் சர்க்கரை இல்லையே, எனக்கு எதுக்கு இந்த டெஸ்ட்?" பேர் பதிய வர்ற நிறைய பேர் இதைத்தான் கேக்கறாங்க. பரம்பரை ஒரு காரணம்தான். கர்ப்பமா இருக்கறதே இன்னொரு காரணம்.

[படம்: நஞ்சுக்கொடி]

நஞ்சுக்கொடி சுரக்கிற ஹார்மோன்கள் அம்மாவோட இன்சுலினைச் சரியா வேலை செய்ய விடாது. கணையம் கூடுதலா சுரந்து ஈடுகட்டணும். முடியலன்னா சர்க்கரை ஏறும். அந்தச் சர்க்கரை குழந்தைக்குப் போகும், அம்மாவோட இன்சுலின் போகாது. அதனால குழந்தையோட கணையமே அதிகமா சுரக்க ஆரம்பிக்கும்; கொழுப்பு சேர்ந்து எடை கூடும், பிரசவம் கஷ்டமாகும். பிறந்து கொடியை வெட்டினதும் சர்க்கரை வரத்து நின்னுடும், ஆனா இன்சுலின் மிச்சம் இருக்கும். குழந்தைக்குச் சர்க்கரை தாழ்ந்து போறது இதனாலதான். ஒரு மணி நேரத்துக்குள்ள தாய்ப்பால் கொடுத்தே ஆகணும்.

[திரை: 75 கிராம் – 300 மில்லி – 2 மணி நேரம்]

இப்போ டெஸ்ட். வெறும் வயித்துல வரத் தேவையில்ல. கிராமத்துலேர்ந்து பஸ் பிடிச்சு வர்ற கர்ப்பிணியைப் பட்டினி போடக்கூடாதுன்னு யோசிச்சு, சென்னை டாக்டர் வி. சேஷய்யா முன்னின்று கொண்டுவந்த முறை இது.

75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணியில கரைச்சு, அஞ்சு பத்து நிமிஷத்துக்குள்ள குடிச்சு முடிக்கணும். குமட்டினா கொஞ்சம் எலுமிச்சை பிழிஞ்சுக்கலாம். பாக்கெட்ல 'மோனோஹைட்ரேட்'னு போட்டிருந்தா 82.5 கிராம் எடுக்கணும், ஏன்னா அதுல தண்ணியோட எடையும் சேர்ந்திருக்கு.

முதல் மடக்கு குடிச்ச நேரத்தைச் சீட்டுல எழுதி வாங்கிக்கோங்க. தப்பு நடக்கறது பெரும்பாலும் இங்கதான். வரிசை நீளம்னு மூணு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுத்தா, ஏறின சர்க்கரை இறங்கியிருக்கும்; இருக்கிற நோய் இல்லாத மாதிரி தெரியும். நடுவுல டீ, பிஸ்கட் வேணாம், கடைத்தெருவுக்கு நடக்கவும் வேணாம். அரை மணிக்குள்ள வாந்தி வந்துட்டா மறுநாள் திரும்பச் செய்யணும். அதுக்கு அப்புறம் வந்தா டெஸ்டைத் தொடரலாம். ரத்தத்தை வெளி லேபுக்கு அனுப்பறதா இருந்தா சாம்பல் மூடி போட்ட குழாய்லதான் எடுக்கணும். இல்லன்னா ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்னுடும், அளவு குறைச்சுக் காட்டும்.

ரெண்டு மணி நேரத்துல 140 அல்லது அதுக்கு மேலன்னா கர்ப்பகால சர்க்கரை. சிறுநீர்ல பாக்கறது இதுக்கு ஈடாகாது.

முதல் தடவை நார்மல்னு வந்தாலும் 24லேர்ந்து 28 வாரத்துக்குள்ள மறுபடி பாக்கணும். நஞ்சுக்கொடி வளர வளரத்தான் ஹார்மோன் கூடும். வளைகாப்புக்கு நாள் குறிக்கிற சமயம்னு ஞாபகம் வச்சுக்கோங்க. தயவுசெஞ்சு இந்த ரெண்டாவது டெஸ்டை விட்டுடாதீங்க.

[திரை: சாப்பாட்டுத் தட்டு]

140 தாண்டினா முதல்ல ரெண்டு வாரம் சாப்பாட்டை மாத்திப் பாப்பாங்க. பட்டினி கிடையாது. மூணு வேளைச் சாப்பாடு, நடுவுல ரெண்டு மூணு சிறு தீனி. தட்டுல பாதி காய், சோறு கால் பங்கு, மீதியில நெத்திலிக் குழம்போ பருப்போ முட்டையோ. பண்ருட்டிப் பலா சீசன்ல சுளை ஆசைப்பட்டா ரெண்டு போதும், சாப்பாடு முடிஞ்ச கையோட வேணாம். டாக்டர் தடுக்கலன்னா சாப்பிட்ட பிறகு கொஞ்சம் நடங்க.

சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல 120க்குக் கீழ வரலன்னா மாத்திரை அல்லது இன்சுலின். ஊசின்னதும் பயப்படறவங்க அதிகம். அந்த இன்சுலின் குழந்தைகிட்ட போகாது.

பிரசவத்துக்கு அப்புறம் பெரும்பாலும் சர்க்கரை இறங்கிடும். ஆனாலும் ஆறு வாரத்துல ஒரு டெஸ்ட் உண்டு. குழந்தைக்கு ஒன்றரை மாசத் தடுப்பூசி போட வர்ற அன்னைக்கே முடிச்சுடலாம். இந்த முறை மட்டும் வெறும் வயித்துல வாங்க.